கடனாளிக்கு வரவேண்டிய பாக்கி

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடன் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரே ஒரு பாக்கிதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அது வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கி. தவணை தவறினால் அபராதக் கட்டணம் உண்டு. வசூல் முகவர் வீடு தேடி வருவார். வண்டி பறிபோகும். சிபில் மதிப்பெண் சரியும். வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சட்டங்களிலும் கடன் படிவங்களிலும் வரி வரியாக விடை எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் சட்டத்தை மீறினால், அதனால் பாதிக்கப்பட்ட கடனாளிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் அந்த விடை திடீரென மங்கிவிடுகிறது. இந்த உரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சட்டம் மீறிய நிறுவனத்தைத் தண்டிப்பது வேறு. அந்த மீறலால் இழந்தவருக்கு இழப்பை ஈடுசெய்வது வேறு. இந்தியாவில் முதலாவது ஓரளவு நடக்கிறது. இரண்டாவது மிக அரிதாகவே நடக்கிறது. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் நடந்துவிட்டதைப் போன்ற தோற்றம் உருவாக்கப்படுகிறது.

ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் 2022 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒரு விவசாயியின் டிராக்டரைப் பறிமுதல் செய்ய வந்தவர்கள் அதை ஓட்டிச் சென்றபோது, அவருடைய கர்ப்பிணி மகள் அதன் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், அதே மாதம் 22ஆம் தேதி, கடன் கொடுத்திருந்த பெரிய வாகன நிதி நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூலும் பறிமுதலும் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரி 4 அன்று அந்தத் தடை நீங்கியது. தடை சரியானதுதான். ஆனால் அந்த ஆணை நிறுவனத்தின் மேலாண்மைக் குறைபாடுகளைப் பற்றிப் பேசியது. டிராக்டரையும் மகளையும் இழந்த குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவர் செலுத்த வேண்டிய ஈடு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்படி ஈடு வழங்கும்படி பொதுவாகக் கட்டளையிடும் விதி எதுவும் ரிசர்வ் வங்கியின் விதித் தொகுப்பில் இல்லை என்பதே காரணம்.

2024 அக்டோபர் 17 அன்று நான்கு வங்கி சாரா நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்குவதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. அவற்றுள் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. வரம்பு மீறிய வட்டி, குடும்ப வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள தவணைச் சுமையையும் மதிப்பிடாமல் நுண்கடன் கொடுத்தது, வட்டியையும் கட்டணத்தையும் முறையாக வெளிப்படுத்தாதது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2025 ஜனவரி இரண்டாவது வாரத்துக்குள் நான்கின் மீதான தடையும் நீக்கப்பட்டது. இனிமேல் ஒழுங்காக நடப்போம் என்று நிறுவனங்கள் காட்டியது போதுமானதாகக் கருதப்பட்டது. அதுவரை மிகைவட்டி கட்டிய பெண்களுக்கு அந்த மிகுதி திரும்ப வரவேண்டும் என்ற கட்டளை தடை அறிவிப்பில் இல்லை.

ரிசர்வ் வங்கி வாரந்தோறும் ஏதேனும் ஒரு வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ அபராதம் விதித்துச் செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. அந்தக் குறிப்புகளின் கடைசிப் பகுதியில் மாறாமல் ஒரு வாசகம் இடம்பெறும். ஒழுங்குமுறை விதிகளைப் பின்பற்றாத குறைபாட்டுக்காகவே இந்த நடவடிக்கை. நிறுவனம் தன் வாடிக்கையாளரோடு செய்துகொண்ட எந்தப் பரிமாற்றத்தின் அல்லது ஒப்பந்தத்தின் செல்லுபடி பற்றியும் கருத்துச் சொல்லும் நோக்கம் இதற்கில்லை என்பது அதன் சாரம். இந்த ஒரே வாசகத்தில் முழு அமைப்பும் அடங்கியிருக்கிறது. குற்றம் ரிசர்வ் வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நடந்ததாக வைத்துக்கொள்ளப்படுகிறது. அபராதமும் அந்த இருவருக்கிடையே தீர்ந்துவிடுகிறது. யாருடைய வீட்டில் அந்தக் குற்றம் நடந்ததோ அவர் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

இதற்கு மாறான விதிகள் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி இரண்டு சுற்றறிக்கைகளில், மீறலுக்கான விலையைக் கடனாளியின் கையிலேயே கொடுக்கும்படி ஆணையிட்டது. இவற்றைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பயன்படுத்துவதற்கும் படிக்க வேண்டும். அவற்றின் வர்க்கத் தன்மையைப் புரிந்துகொள்வதற்கும் படிக்க வேண்டும்.

முதலாவது 2023 செப்டம்பர் 13ஆம் தேதியது. தனிநபர் கடன் முழுதும் அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவுசெய்த அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் கடன் கொடுத்தவரால் ஏற்பட்டதானால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடனாளிக்குத் தர வேண்டும். பத்திரத்தைத் தொலைத்துவிட்டால், சான்று நகல் பெற உதவி, அதன் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகு நாள் கணக்கு ஓடத் தொடங்கும். 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டியதான பத்திரங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். பத்திரம் எழுபதாவது நாளில் கைக்கு வந்தால், தாமதமான 40 நாட்களுக்கு 2 லட்சம் ரூபாய். ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு வீட்டுக் கடனை அடைத்துவிட்டுப் பத்திரத்துக்காக மாதக்கணக்கில் கிளைக்கு நடந்த எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பது இன்னமும் தெரியாது.

இரண்டாவது 2023 அக்டோபர் 26ஆம் தேதியது. அடைத்த கடனை அடைக்காததாகவும், வாங்காத கடனை வாங்கியதாகவும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகள் காட்டுவதுண்டு. அந்தப் பிழையைப் பற்றிப் புகார் செய்த 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும். தவறு கடன் கொடுத்தவருடையதா, தகவல் நிறுவனத்துடையதா என்பதைப் பொறுத்து அதைத் தருபவர் மாறுவார். மேலே சொன்ன அதே 40 நாள் தாமதத்துக்கு இங்கே கிடைப்பது 4,000 ரூபாய்.

5,000 என்றும் 100 என்றும் இரண்டு எண்கள். முதல் எண் யாருக்கு? அடமானம் வைக்க வீடும் மனையும் உள்ளவருக்கு. அதிலும், தனிநபர் கடன் என்ற வரையறைக்குள் வீட்டுக் கடன், கல்விக் கடன், நுகர்வுக் கடன் போன்றவைதான் வருகின்றன. நிலப்பத்திரத்தை வைத்துப் பயிர்க்கடன் வாங்கிய விவசாயி இந்த 5,000 ரூபாய் விதிக்கு வெளியே நிற்கிறார். இரண்டாவது எண் எல்லோருக்கும். பொய்ப் பதிவால் வேலையோ வாடகை வீடோ அவசரக் கடனோ கைநழுவிப் போனவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது பல மாநிலங்களின் நூறுநாள் வேலைக் கூலியில் பாதிகூட இல்லை. சரி, அடமானம் வைக்க எதுவுமே இல்லாத, குழுக்கடன் வாங்கிய பெண்ணுக்கு? மாலை 6 மணிக்கு மேலும் வீட்டு வாசலை விட்டு நகராத வசூல் முகவருக்கு மணிக்கு இவ்வளவு என்று யாரும் விலை வைக்கவில்லை. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் செல்லக் கூடாது என்று 2022 மார்ச் 14ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. மிரட்டக் கூடாது, அவமதிக்கக் கூடாது, உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மீறினால் அந்தப் பெண்ணுக்கு என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. சொத்து மிகுந்தவருக்கு மிகுந்த ஈடு, சொத்தில்லாதவருக்கு வெறும் நெறிமுறை என்பதாக இந்த ஏணி அமைந்திருக்கிறது.

அதே 2022 நெறிமுறையில் இன்னொரு விதி உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கான நுண்கடன்களில், எல்லாக் கடன்களின் மாதத் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதம் 16,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டில் 8,000 ரூபாய்க்கு மேல் தவணை இருக்கக் கூடாது என்று பொருள். பாதி வருமானமே தவணைக்குப் போகலாம் என்பது எவ்வளவு கொடிய வரம்பு என்பது ஒருபுறமிருக்கட்டும். அந்த வரம்பையும் தாண்டி நான்காவது, ஐந்தாவது நிறுவனம் கடன் கொடுத்தால் அந்த ஒப்பந்தம் என்னவாகும்? ஒன்றும் ஆகாது. அசலும் வட்டியும் முழுதாக வசூலிக்கத் தக்கவையாகவே இருக்கும். விதியை மீறிக் கொடுத்த கடனை விதிப்படி கொடுத்த கடனைப் போலவே வசூலிக்கலாம் என்றால், அந்த விதியை மதிப்பதில் நிறுவனத்துக்கு என்ன ஆதாயம்?

தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டம் இதே கேள்விக்கு வேறு விடை சொல்கிறது. திருப்பிக் கட்டும் திறனை மதிப்பிடாமலோ, கட்ட முடியாது என்று தெரிந்தோ கொடுக்கும் கடனைப் பொறுப்பற்ற கடன் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. அது நிரூபணமானால் கடனாளியின் பொறுப்பை முழுமையாகவோ பகுதியாகவோ ரத்துசெய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிரிட்டனில், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட கடன் பாதுகாப்புக் காப்பீட்டுக்காக வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தந்த தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. நிதி மூலதனத்தின் தலைமைப் பீடங்களில் ஒன்றான லண்டனிலேயே இது நடந்தது. அங்கே ஆட்சியிலிருந்தவை தொழிலாளி வர்க்கத்தின் அரசுகள் அல்ல. சட்டத்தில் வழி இருந்தது, லட்சக்கணக்கானோர் புகார் எழுதினார்கள், அதனால் நடந்தது.

சிறு தொகைகளின் கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிதி மூலதனத்தின் கொள்ளை பெரும்பாலும் சிறு தொகைகளாகவே நடக்கிறது. 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தன் ஆய்வாளர்கள் நேரில் சென்று சோதித்தபோது கண்டவற்றை அதில் பட்டியலிட்டது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்லாமல், கடன் அனுமதிக்கப்பட்ட அல்லது ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தே வட்டி போடப்பட்டிருந்தது. காசோலையைப் பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு, அதில் எழுதிய தேதியிலிருந்து வட்டி கணக்கிடப்பட்டிருந்தது. மாதத்தின் நடுவில் கொடுத்தாலும் அடைத்தாலும் முழு மாத வட்டி வாங்கப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு தவணைகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, கைக்குப் போகாத அந்தப் பணத்துக்கும் சேர்த்து வட்டி வாங்கப்பட்டிருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40,000 ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி. ஒரு நாள் வட்டி 26 ரூபாய் சொச்சம். அனுமதித்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் 10 நாள் இடைவெளி என்றால், வராத பணத்துக்குக் கட்டிய வட்டி சுமார் 263 ரூபாய். 263 ரூபாய்க்காக எந்தப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வழக்குப் போடப் போகிறார்? எந்த வழக்கறிஞர் அந்த வழக்கை எடுப்பார்? ஆனால் அதே நிறுவனம் ஒரு லட்சம் பெண்களிடம் அப்படிச் செய்தால், ஒரு சுற்றுக் கடனில் மட்டும் 2 கோடியே 63 லட்சம் ரூபாய். ஒவ்வொருவரிடமும் வழக்குப் போடத் தகுதியற்ற அளவுக்குச் சிறிதாக எடுப்பதுதான் இந்தக் கொள்ளையின் பாதுகாப்பு. உற்பத்தியில் நடக்கும் முதன்மைச் சுரண்டலோடு கூடவே, வருமானம் கைக்கு வந்த பின் நடக்கும் இரண்டாம் நிலைச் சுரண்டலைப் பற்றி மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் பேசுகிறார். இன்று அந்தச் சுரண்டலுக்கு மென்பொருள் இருக்கிறது என்பது மட்டுமே புதிது.

மிகையாக வாங்கியதைத் திருப்பித் தரும்படி சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருப்பதாக அந்தச் சுற்றறிக்கை சொன்னது. அது வரவேற்கத் தக்கதே. எந்த நிறுவனம், எத்தனை பேருக்கு, எவ்வளவு என்ற விவரம் மட்டும் அதில் இல்லை. நிறுவனத்தின் பெயர் தெரியாதபோது, தன் பணமும் அதில் உண்டா என்று கடனாளி எப்படிக் கேட்பார்? வராத பணத்தைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே வழியில்லாமல் செய்துவிட்டு, திருப்பித் தரச் சொல்லிவிட்டோம் என்பது பாதி நீதிகூட ஆகாது.

விண்ணப்பம் இல்லாமல், வழக்கறிஞர் இல்லாமல், கோடிக்கணக்கான கணக்குகளில் பணத்தைத் திருப்பி வரவு வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று வாதிடுவோர் உண்டு. அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைத்த தவணையின் வட்டிக்கும் வட்டி போடப்பட்டது. கடனாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றனர். வழக்கு நடக்கும்போதே, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் வரவு வைக்கும் திட்டத்தை 2020 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவித்தது. நவம்பர் 5க்குள் வரவு வைக்கக் கெடு விதிக்கப்பட்டது. யாரும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வட்டியைக் கணக்கிட்ட அதே கணினி, திருப்பித் தர வேண்டியதையும் கணக்கிட்டது. 2021 மார்ச் 23 அன்று, எந்தக் கடனாளியிடமும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தரவோ அடுத்த தவணையில் கழிக்கவோ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த நிகழ்வில் மறக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த 2020 அக்டோபர் திட்டத்தின் பணம் கடன் கொடுத்தவர்களின் லாபத்திலிருந்து வரவில்லை. ஒன்றிய அரசின் நிதியிலிருந்து அவர்களுக்கு ஈடு செய்யப்பட்டது. வட்டிக்கு வட்டி போட்டவை நிறுவனங்கள்; அதைத் திருப்பித் தந்தது மக்களின் வரிப்பணம். ஆகவே இழப்பீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிட முடியாது. யார் பையிலிருந்து என்ற கேள்வியை உடனே கேட்டாக வேண்டும்.

நீதிமன்றத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட வரலாற்றையும் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1918ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன் சட்டம், வட்டி அளவுமீறியதாகவும் பரிமாற்றம் அநியாயமானதாகவும் இருந்தால் கணக்கைத் திறந்து பார்த்து, கடனாளியை விடுவிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. காலனி ஆட்சி இயற்றிய சட்டம் அது. சுதந்திர இந்தியாவில், 1984இல் நடைமுறைக்கு வந்த வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு, வட்டி மிகை என்ற காரணத்துக்காக வங்கிக்கும் கடனாளிக்கும் இடையிலான கணக்கை எந்த நீதிமன்றமும் திறக்கக் கூடாது என்று தடுத்தது. கடன் அட்டை பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது.

மாநிலங்களின் கதையும் இதுவே. 2010இல் ஆந்திரக் கிராமங்களில் நுண்கடன் வசூலின் கொடுமையால் தற்கொலைகள் நிகழ்ந்தபோது, அந்த அக்டோபரிலேயே மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு வட்டி வரம்பு விதித்தது. 2022 மார்ச் நெறிமுறை அந்த வரம்பையே அகற்றிவிட்டது. அதே ஆண்டு மே மாதம், ரிசர்வ் வங்கியில் பதிவுசெய்த வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்குக் கேரளத்தின், குஜராத்தின் வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றமும் அந்த வழியில், ஆந்திரச் சட்டம் இந்த நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்றது. வட்டி பற்றிக் கேட்க ரிசர்வ் வங்கிக்கு மட்டுமே அதிகாரம். ரிசர்வ் வங்கியோ வட்டியைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்கிறது. கர்நாடகமும் தமிழ்நாடும் 2025இல் கொண்டுவந்த சட்டங்கள் வசூல் வன்முறையைக் குற்றமாக்கித் தண்டனை விதிப்பதில் கவனம் செலுத்தியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அந்த இடம்தான் மாநிலங்களுக்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது.

கட்சிக்குள் இருவகை ஐயங்கள் எழுவது இயல்பு. ஒன்று, கடன் தள்ளுபடி என்ற பெரிய முழக்கம் இருக்கும்போது, இழப்பீடு என்ற சிறு சட்டச் சண்டை எதற்கு என்பது. தள்ளுபடிக் கோரிக்கை சரியானது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் தள்ளுபடி என்பதில், கட்ட முடியாதவர்மீது அரசு காட்டும் இரக்கம் என்ற சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைகள் உடனே கடன் ஒழுக்கம் கெடுகிறது என்று எழுதத் தொடங்கிவிடுகின்றன. இழப்பீட்டுக் கோரிக்கை கணக்குப் புத்தகத்தைத் திருப்பிப் போடுகிறது. சட்டத்தை மீறியவர் கடன் கொடுத்தவர்; பாக்கி வைத்திருப்பவரும் அவரே. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு அங்கே எடுபடாது. தவணை தவறிவிட்டோம் என்ற வெட்கத்தால் வாய் திறக்காத பெண் தன் தவணை அட்டையை வெளியே எடுத்துக் கூட்டத்தில் காட்டுவதற்கு இந்த வேறுபாடே போதுமானது.

இரண்டாவது ஐயம், இழப்பீட்டுச் சுமை வந்தால் நிறுவனங்கள் ஏழைகளுக்குக் கடன் தருவதை நிறுத்திவிடும், மக்கள் மீண்டும் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள் என்பது. நிறுவனங்களே பரப்பும் வாதம் இது. பத்திரத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று விதித்த பிறகு வீட்டுக் கடன் நின்றுவிடவில்லை. சட்டத்தைப் பின்பற்றுகிற நிறுவனத்துக்கு இழப்பீடு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இந்த வாதத்தின் உண்மையான பொருள், சட்டத்தை மீறாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது என்பதுதான். அப்படியானால் ஏழைகளின் கடன் தேவையைப் பொதுத்துறை வங்கிகளும் கூட்டுறவுகளும் ஏற்க வேண்டும் என்ற கட்சியின் கோரிக்கையை அந்த வாதமே நியாயப்படுத்திவிடுகிறது.

கோர வேண்டிய சட்டம் எப்படி இருக்க வேண்டும்? மிகையாக வாங்கியது தெரியவந்தால், மனுவுக்காகக் காத்திராமல் அது வட்டியோடு கணக்கில் திரும்ப வர வேண்டும். நிறுவனத்தின் பெயரும் தொகையும் வெளியிடப்பட வேண்டும். வருமான வரம்பை மீறிக் கொடுத்த கடனுக்கு வட்டி வசூலிக்கும் உரிமை இருக்கக் கூடாது. வசூல் முகவர் செய்த கொடுமைக்குக் குறைந்தபட்ச ஈடு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அது நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மீது இருக்க வேண்டும். மின்னணு அழைப்புப் பதிவுகள் யாரிடம் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கடைசிக் கோரிக்கையின் நியாயம் விளங்கும். வட்டியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குத் திரும்ப வேண்டும். இவை ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையாக அல்லாமல், நாடாளுமன்றச் சட்டமாக வர வேண்டும். சுற்றறிக்கை சத்தமின்றி வருகிறது. சத்தமின்றியே போய்விடவும் செய்யும்.

அந்தச் சட்டம் வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்தாமல் இருப்பது பிழை. இந்தப் பகுதி கிளைத் தோழர்களுக்கு மிகவும் தேவையானது.

தொடக்கம் எழுத்து மூலமான புகார். அதை நிறுவனத்திடம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். 30 நாளில் விடை வராவிட்டாலோ, வந்த விடை ஏற்கத் தக்கதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றிச் செல்லலாம். இணையத்தில் அனுப்ப இயலாதவர் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம், நேர்ந்த இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சலுக்கும் மனவேதனைக்கும் தனியாக ஒரு லட்சம் ரூபாய் வரையும் ஈடு வழங்க இடம்தந்தது. அந்தத் தனி ஈட்டைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. வட்டியைத் திருத்துங்கள் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். புகாரில் ஈட்டுத் தொகையையும் அதற்கான காரணத்தையும் வெளிப்படையாக எழுத வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் இரண்டாவது வழி. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கடன் ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் நிறுவனத்தின் தலைமையகம் உள்ள நகரில் நடுவர் முன் வர வேண்டும் என்று எழுதிவைப்பது வழக்கம். பீகாரின் லாரி உரிமையாளரோ ஒடிசாவின் ஆட்டோ ஓட்டுநரோ அந்த நகருக்கு எப்படி வருவார்? நடுவர் ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. வண்டி சொந்தப் பிழைப்புக்கானது, தாமே ஓட்டுகிறோம் என்பதைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வணிக நோக்கம் என்று சொல்லி நிறுவனம் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவில், ஒரே வகையில் பாதிக்கப்பட்ட பலருக்காக, ஆணையத்தின் அனுமதியுடன், அவர்களில் ஒருவரோ சிலரோ வழக்குத் தொடர வழி உண்டு. மேலே சொன்ன 263 ரூபாய்க் கணக்கை நினைவுகூர்ந்தால், இந்தப் பிரிவின் மதிப்பு புரியும். தனித்தனியே வழக்குக்குத் தகுதியற்ற தொகைகள் சேர்ந்தால் தகுதி பெறுகின்றன. சேர்ப்பது வழக்கறிஞரின் வேலையல்ல, அமைப்பின் வேலை. ஒரு குடியிருப்பில் ஒரே நிறுவனத்திடம் கடன் வாங்கிய அறுபது பெண்களின் தவணை அட்டைகளை வரிசையாக வைத்து, ஒப்பந்தத் தேதியையும் பணம் வந்த தேதியையும் இரு பத்திகளில் எழுதினால் போதும். மீறல் தானாகவே வெளிப்படும். மாதர் சங்கத் தோழர்களும் கூட்டுறவு வங்கி ஊழியர்களாக இருந்து ஓய்வுபெற்ற தோழர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை.

வீட்டையோ கடையையோ சர்ஃபேசி சட்டத்தின்கீழ் கைப்பற்றியிருந்தால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். கைப்பற்றியது சட்டத்துக்கு முரணானது என்று கண்டால், சொத்தைத் திருப்பித் தரச் சொல்வதோடு ஈடும் செலவுத் தொகையும் வழங்க அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம்தருகிறது. விவசாய நிலத்தின்மீது அந்தச் சட்டம் செல்லாது என்பதையும் விவசாயிகள் சங்கத் தோழர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் சொல்ல வேண்டும்; வங்கி அறிவிப்பு வந்ததும் அச்சத்தில் நிலத்தை விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ் உழைப்பாளிகளிடையே வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு குறிப்பு. மும்பையிலோ பெங்களூருவிலோ புரியாத மொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால், அதுவே ஒரு மீறல். நுண்கடன் அட்டையும், 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட முக்கிய விவரத் தாளும் கடனாளிக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். அந்தத் தாளில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும், கடனாளியின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல், கடன் காலம் முழுவதிலும் வாங்க முடியாது. கடனோடு ஒட்டிவந்த காப்பீட்டுத் தொகை அந்தத் தாளில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஓம்பட்ஸ்மேன் திட்டத்தில், கடனாளியின் சார்பாக ஒரு பிரதிநிதி புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் அந்தப் பிரதிநிதியாக இருக்க முடியாது. வேறு எவரும் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தக் கட்சி உறுப்பினரும், கடனாளியின் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்துடன், அந்தப் பிரதிநிதியாக முடியும். இந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் கிளைப் பகுதியில் அப்படி ஒரு புகாரையாவது அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று வகுப்புக் குழு கேட்டுக்கொள்கிறது. தவணை அட்டையின் இரு பக்கங்களின் நகலையும் புகாரோடு இணைக்க மறக்கக் கூடாது; பின்பக்கத்தில்தான் கட்டண விவரம் அச்சிடப்பட்டிருப்பது வழக்கம்.